ஜிப்ஸியின் முன் ஆக்சில் தண்டு உடைந்தால் எதைப் போடுவது, எப்படிப் பூட்டுவது?

கேட்டவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கையில் இருப்பது மாருதி ஜிப்ஸி கிங். ஆலையிலிருந்து வந்த 205/70 ஆர் 15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டிருக்கிறார். புரட்டாசியில் சம்பா நடவுக்காக நாற்றுக்கட்டு ஏற்றிய சிறிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, லோ கியரில், வடிகால் வாய்க்காலிலிருந்து வரப்பின் மேல் ஏறியிருக்கிறார். ஸ்டீயரிங் முழுக்க ஒரு பக்கம் ஒடித்திருந்தது. சக்கரம் சேற்றில் சுழன்று, வரப்பின் காய்ந்த விளிம்பைத் தொட்டதும் வெடித்தாற்போல ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வலப்பக்க முன் ஆக்சில் தண்டு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. உடைந்த முகத்தைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார். உள்ளூர் லேத் பட்டறையில் இஎன் 8 என்ற கார்பன் எஃகுக் கம்பியில் கடைந்து தருவதாகச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் குரோமோலி என்ற கலப்பு எஃகுத் தண்டு வரவழைக்கச் சொல்கிறார்; அதன் விலை பல மடங்கு. எதை வாங்குவது, நானே பூட்டலாமா, சட்டம் இதற்கு இடம் தருமா என்பது கேள்வி.

கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாக ஜீப்பும் ஜிப்ஸியும் பார்த்துவருகிறேன். இஎன் 8 வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரோமோலி வேண்டுமா என்பது தண்டைப் பொறுத்தது இல்லை. நீங்கள் அந்த வண்டியை வைத்து இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் உடைந்த துண்டை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். ஏன் உடைந்தது என்பதைப் பெரும்பாலும் அந்தத் துண்டே சொல்லிவிடும்.

பள்ளிக்கூடச் சாக்கட்டி ஒன்றை இரு கையாலும் பிடித்து முறுக்கி உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் நேராக இருக்காது. சுருள் படிக்கட்டு போல 45 டிகிரி சரிவில் சுற்றிக்கொண்டு போகும். எளிதில் நொறுங்கும் பொருள் முறுக்கத்தில் அப்படித்தான் உடையும். ஆக்சில் தண்டு அப்படி உடைந்திருந்தால், எஃகு அளவுக்கு மீறிக் கடினமாக்கப்பட்டிருக்கிறது என்றோ, அடி ஒரே நொடியில் விழுந்திருக்கிறது என்றோ பொருள். முகம் கத்தியால் வெட்டியதுபோலத் தட்டையாக, நடுவில் சுழி விழுந்தாற்போல இருந்தால், தண்டு இழுபட்டு, இழுபட்டுத் தாங்க மாட்டாமல் அறுந்திருக்கிறது. அந்த வகையில் தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்ளைன் பற்களும் நேராக இல்லாமல் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். பற்கள் முறுக்கிய தண்டு உடையாவிட்டாலும் அதன் காலம் முடிந்துவிட்டது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. உங்கள் படத்தில் இருப்பது அதுதான். முகத்தின் ஓர் ஓரத்தில் பிறை பிறையாக வரிகள், குளம் வற்றும்போது கரையில் விழும் தடம் போல ஒன்றன்பின் ஒன்றாக. அந்தப் பகுதி வழவழப்பாகவும் கறுத்தும் இருக்கிறது. மீதிப் பகுதி மட்டும் பளபளவென்று கரடுமுரடாக, புதிதாக உடைந்த கல் போல. அதாவது வரப்பில் ஏறிய அன்று உங்கள் தண்டு முழுத் தண்டாக இல்லை. மாதக்கணக்கில், ஒருவேளை ஆண்டுக்கணக்கில், ஓரத்தில் தொடங்கிய விரிசல் உள்ளே நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அன்றைக்கு உடைந்தது மிச்சம் இருந்த பகுதி மட்டும்.

அந்தப் பிறையின் மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், எண்ணெய் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் ஆயில் சீல் உரசும் வளையத்தில், துருப்பிடித்துக் குழி விழுந்த ஓர் இடத்தில். வாய்க்கால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. துருக்குழி ஒவ்வொன்றும் விரிசலுக்கு விதை. ஆகவே உங்கள் வண்டியில் உண்மையான பழுது சீல். தண்டு அதன் விளைவு. சீலைச் சரிசெய்யாமல் உலகத்திலேயே விலை உயர்ந்த தண்டைப் போட்டாலும் சில சம்பா கடந்து இதே இடத்தில் நிற்பீர்கள்.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான். எஞ்சினின் முறுக்கு விசையை முதல் கியர் விகிதத்தாலும், லோ கியர் விகிதத்தாலும், ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் வீல் பினியனின் விகிதத்தாலும் பெருக்கினால் ஆக்சிலுக்கு வரும் விசை கிடைக்கும். சரியான எண்களை உங்கள் கையேட்டிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வசதிக்காக முழு எண்ணாக எடுத்துக்கொள்கிறேன்: எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.6, லோ 2.2, கிரவுன் 4. பெருக்கினால் ஏறத்தாழ 3,170 நியூட்டன் மீட்டர். பின் சக்கரங்கள் இரண்டும் உளையில் மிதந்தால், முன்னையும் பின்னையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி என்பதால், இது முழுவதும் முன் ஆக்சிலுக்குப் போகலாம். முன்னால் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். அது இரு பக்கத்துக்கும் சமமாகத்தான் பிரித்துக் கொடுக்கும். ஆகவே ஒரு தண்டுக்கு அதிகபட்சம் 1,585. இரு பக்கத் தண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போட்டுவிட்டால் அந்தச் சமன் போய்விடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் 3,170-ம் மறு தண்டின் தலையில். லாக்கர் பற்றிப் பேசும் பலரும் இந்த இரட்டிப்பை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் எஞ்சின் கொடுத்தாலும் டயர் பிடித்தால்தான் தண்டு அதை உணரும். முன் சக்கரம் ஒன்றின் மேல் 350 கிலோ பாரம் என்று வையுங்கள். காய்ந்த வரப்பில் பிடிமானம் 0.8 அளவு. பழைய டயரின் ஆரம் 334 மில்லிமீட்டர். இவற்றைப் பெருக்கினால் 915 நியூட்டன் மீட்டர் வாக்கில் டயர் வழுக்கிவிடும். அதற்கு மேல் தண்டுக்குப் போகாது. நீங்கள் போட்ட 235/75 டயரின் ஆரம் 367. அதே கணக்கில் 1,005. டயர் மாற்றியதிலேயே தண்டின் சுமையைப் பத்து சதவீதம் கூட்டிவிட்டீர்கள். சேற்றில் பிடிமானம் இதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் முழங்கால் சேற்றில் மணிக்கணக்கில் சுழன்றாலும் தண்டு உடைவதில்லை. சுழல்கிற சக்கரம் திடீரென்று கெட்டி மண்ணையோ மதகின் கருங்கல்லையோ கவ்வும் அந்தக் கணத்தில் உடைகிறது. சக்கரம், டயர், பிரேக் தட்டு, எஞ்சினின் ஃபிளைவீல் எல்லாம் சுழன்றுகொண்டிருந்த வேகம் ஒரே நொடியில் நிற்க வேண்டியிருக்கிறது. அது முழுவதையும் தண்டு முறுக்கமாக வாங்கிக்கொள்கிறது. இந்த அடியை மேலே சொன்ன எந்தக் கணக்கும் காட்டாது.

இப்போது லேத்காரர் சொன்ன இஎன் 8-க்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இஎன் 8 நல்ல எஃகுதான். பம்ப் தண்டுக்கும் கப்பிக்கும் நாங்களும் அதைத்தான் வாங்குகிறோம். ஆனால் கடையில் வாங்கிய நிலையில், வெப்பப் பதம் எதுவும் செய்யாத இஎன் 8 கம்பி, 280 மெகாபாஸ்கல் அளவில் இழுபடத் தொடங்கிவிடும். முறுக்கத்தில் அதன் தாங்கும் அளவு இன்னும் குறைவு, 0.577-ஆல் பெருக்க வேண்டும். தண்டு 26 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஏறத்தாழ 560 நியூட்டன் மீட்டரில் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டுவிடும். டயர் கேட்பதோ 1,005. காய்ந்த வரப்பில் முதல் ஏற்றத்திலேயே ஸ்ப்ளைன் பற்கள் வளையும். அதே அளவுத் தண்டை இஎன் 24 என்ற கலப்பு எஃகில், பதப்படுத்திய டி நிலையில் செய்தால் 1,300 வாக்கில் வரும். கம்பெனித் தண்டும் வெறும் கார்பன் எஃகுதானே என்று கேட்பீர்கள். ஆலையில் அதன் மேல்தோலை மின்காந்தச் சுருளில் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவார்கள். முறுக்கத்தில் அதிகப் பாரம் விழுவது மேல்தோலில்தான், நடுவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆகவே அந்தத் தோல்தான் தண்டின் உயிர். நம் ஊர்ப் பட்டறையில் லேத்தில் கடைந்து, அரத்தில் தேய்த்து, எண்ணெய் பூசிக் கொடுக்கும் தண்டுக்கு அந்தத் தோல் கிடையாது. பழைய கம்பெனித் தண்டைவிட அது பலவீனமானது என்பதுதான் உண்மை.

இன்னொரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. தண்டின் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். விட்டம் பத்து சதவீதம் கூடினால் வலு 33 சதவீதம் கூடும். எதிர்ப்பக்கமும் அப்படியே: ஆழமாகத் துருப்பிடித்து, ஒரு பக்கம் தேய்ந்த தண்டு பார்க்க நன்றாக இருந்தாலும் வலுவில் கணிசமாக இழந்திருக்கும். எந்த இடம் மிக மெலிந்ததோ அதுதான் தண்டின் வலு. ஸ்ப்ளைன் பல்லின் அடிப்பகுதி, சீல் பள்ளம், சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் உட்காரும் காடி இவைதான் அந்த இடங்கள். நல்ல தண்டு செய்பவர்கள் நடு உடலை ஸ்ப்ளைனின் அடிவிட்டத்தைவிட மயிரிழை குறைவாகக் கடைவார்கள். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் உடல் முழு நீளத்துக்கும் லேசாக முறுக்கித் திரும்பும்போது அடி பரவிவிடும். பல்லின் அடியில் குவியாது. தடித்த உடலும் மெலிந்த கழுத்தும் உள்ள தண்டை யாராவது காட்டினால் வாங்காதீர்கள்.

குரோமோலி என்று விற்கப்படுவது பெரும்பாலும் 4140 அல்லது 4340 எஃகு. முன்னது நம் ஊர் இஎன் 19-க்கு நெருக்கம், பின்னது இஎன் 24-க்கு நெருக்கம். இரண்டிலும் குரோமியமும் மாலிப்டினமும் உண்டு. இஎன் 24-இல் கூடுதலாக ஒன்றரை சதவீதம் வாக்கில் நிக்கல் இருக்கும், அதுதான் அடியைத் தாங்கும் குணத்தைத் தருகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் 4340. ஆனால் எஃகின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, எந்தக் கடினத்துக்குப் பதப்படுத்தினோம் என்பதைச் சொல்லாத விற்பனையாளரை நம்பாதீர்கள். பதம் இல்லாத 4340-ம் சாதாரணக் கம்பிதான். ராக்வெல் கடினம் எவ்வளவு, ஸ்ப்ளைன் வெட்டியதா உருட்டியதா, வெப்பப் பதம் பல் போட்டதற்கு முன்பா பின்பா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தவர் உடனே சொல்வார்.

தம்பி, இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முன் ஆக்சில் என்பது ஒரு சங்கிலி. கிரவுன் வீல், பக்க கியர், தண்டு, ஜாயின்ட், முனைத் தண்டு, ஹப். அடி வந்தால் ஏதோ ஒன்று உடையத்தான் செய்யும். தண்டை மட்டும் வலுவாக்கினால் அடி ஜாயின்ட்டுக்குப் போகும். ஜிப்ஸியில் சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைக் கடத்துவது ஆறு குண்டுகள் ஓடும் பிர்ஃபீல்டு ஜாயின்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி இழுத்தால் அதன் கிண்ணம் விளிம்பில் விரிசல் விடும். ஜாயின்ட்டையும் வலுவாக்கினால் அடுத்தது கிரவுன் வீல் பினியன். அது உடைந்தால் வயல் நடுவே ஒன்றும் செய்ய முடியாது. சில்லும் எஃகுத் தூளும் பேரிங் எல்லாவற்றிலும் ஏறும், டிராக்டர் வைத்து இழுத்து வர வேண்டும்.

நாகப்பட்டினம் பக்கத்து விவசாயி ஒருவர் இதே ஜிப்ஸிக்குத் தண்டும் ஜாயின்ட்டும் லாக்கரும் ஒரே வருடத்தில் போட்டார். தண்டு இன்று வரை உடையவில்லை. பினியன் இரண்டு முறை போய்விட்டது. இரண்டாவது முறை வண்டி வயலிலேயே நான்கு நாள் நின்றது.

ஆகவே எது உடைய வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள். என் தேர்வு, சக்கரத்தைத் தண்டோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஃப்ரீ வீலிங் ஹப். அது வெளியே இருக்கிறது, விலை குறைவு, கை விளக்கு வெளிச்சத்தில் சில போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். தண்டும் ஜாயின்ட்டும் அதைவிட ஒரு படி வலுவாக இருந்தால் போதும். ஹப்பையும், எப்போதும் இணைந்தே இருக்கும் தடித்த டிரைவ் ஃபிளாஞ்சாக மாற்றிவிட்டுத் தண்டும் வலுப்படுத்தினால், அடியைக் கிரவுன் வீலிடம் அனுப்பிவிட்டீர்கள் என்று பொருள்.

இவற்றையெல்லாம் வைத்து உங்களுக்கு நான் சொல்வது: முன்னால் லாக்கர் போடும் எண்ணம் இல்லையென்றால் கம்பெனித் தண்டையே புதிதாக வாங்குங்கள், இரு பக்கமும். கூடவே சீல் தொகுதி, சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் கிங் பின் பேரிங். உங்கள் எஞ்சினுக்கும் உங்கள் டயருக்கும் அது தாங்கும். தாங்காமல் போனது துரு தின்ற தண்டு. லாக்கர் போடுவது உறுதி என்றால் தண்டையும் ஜாயின்ட்டையும் ஜோடியாக 4340-இல் வாங்குங்கள், ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம். ஜிப்ஸி குடும்பத்துத் தண்டில் டிஃபரன்ஷியல் பக்கம் 26 பல், ஜாயின்ட் பக்கம் 22 பல். வலுவூட்டிய தொகுதிகளில் ஜாயின்ட் பக்கமும் 26 ஆக இருக்கும். அந்த 22-தான் கழுத்து மெலிந்த இடம். ஆகவே 26 பல் தண்டு பழைய ஜாயின்ட்டுக்குள் போகாது. வாங்குவதற்கு முன் உங்கள் தண்டின் பற்களைச் சாக்கட்டியால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து எண்ணிவிடுங்கள். வேறு வண்டி ஆக்சில் மாற்றிப் போடப்பட்ட ஜிப்ஸிகளும் நம் பக்கத்தில் ஓடுகின்றன.

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களும் இதே கேள்வி கேட்பதுண்டு. அவற்றில் பல வண்டிகளில் ஜாயின்ட் குண்டு வகை இல்லை, கிராஸ் வகை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நுகத்தின் காது. கிராஸ் கப் உட்காரும் துளை முட்டை வடிவமாகியிருந்தால் புது கிராஸ் போட்டுப் பயனில்லை. 2010-இல் வந்த தாரின் சிஆர்டிஇ டீசல் வகையில் முன் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன். அது முழுக்க வேறு கதை.

இனி பூட்டுவது. நீங்களே செய்யலாம், ஒரு முழு நாளும், சுத்தமான சிமென்ட் தரையும், ஒரு கூட்டாளியும் இருந்தால். களத்து மண்ணில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். ஒரு கைப்பிடி மணல் போதும் பேரிங்கைத் தின்ன.

முதலில் டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்துவிடுங்கள். வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். மோர் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. பிறகு வண்டியை ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் நிறுத்திவிட்டு ஜாக்கை எடுத்துவிடுங்கள். சக்கரம், பிரேக் காலிப்பர், ஹப், பேரிங் நட் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேரிங் நட்டின் பூட்டு வாஷரை உளியால் கொத்தி நிமிர்த்தும்போது, சக்கர பேரிங் உட்காரும் ஸ்பிண்டிலின் மரை நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலைக் கழற்றினால் ஜாயின்ட்டோடு தண்டு வெளியே வரும்.

உங்களுக்கு அது முழுதாக வராது, பாதிதான் வரும். மறு பாதி டிஃபரன்ஷியலின் பக்க கியருக்குள் உட்கார்ந்திருக்கும். நீண்ட கம்பியின் நுனியில் வலுவான காந்தம் கட்டி இழுத்துப் பாருங்கள். பல நேரம் வந்துவிடும். வராவிட்டால் டிஃபரன்ஷியலைக் கழற்ற வேண்டும், வேறு வழி இல்லை. துண்டு வெளியே வந்ததும் இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். சில்லு ஏதாவது குறைந்தால் அது ஆக்சில் குழாய்க்குள்ளோ கிரவுன் வீல் அருகிலோ கிடக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. கடுகளவு எஃகு போதும், கிரவுன் வீலின் பல்லுக்கு இடையில் போனால் பல்லை எடுத்துவிடும். குழாயை டீசலால் கழுவி, துணி சுற்றிய குச்சியால் இரண்டு முறை துடைத்து எடுங்கள்.

பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று: ஆக்சில் குழாய் நேராக இருக்கிறதா என்பது. டிரெய்லர் இழுத்த வண்டிக்கும், சாலைப் பள்ளத்தில் வேகமாக விழுந்த வண்டிக்கும் முன் ஆக்சில் குழாய் லேசாக வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பழைய ஆயில் சீலின் உதட்டைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறு பக்கம் புதிதாக இருந்தால் தண்டு நடுவில் ஓடவில்லை, குழாய் வளைந்திருக்கிறது. வளைந்த குழாயில் ஓடும் தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. அந்தப் பிறை வரிகள் மீண்டும் தொடங்கிவிடும். அப்படி இருந்தால் தண்டுக்கு எடுத்து வைத்த பணத்தைக் குழாயை நிமிர்த்துவதற்குச் செலவிடுங்கள்.

புதுத் தண்டையும் பழையதையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கம் படுக்க வையுங்கள். இடமும் வலமும் ஒரே நீளம் இல்லை. டிஃபரன்ஷியல் ஓரமாக இருப்பதால் ஒன்று நீண்டது, ஒன்று குட்டை. நீளம், பல் எண்ணிக்கை, சீல் ஓடும் இடத்தின் விட்டம், சர்க்ளிப் காடி நான்கும் ஒத்திருக்க வேண்டும். பக்க கியருக்குள் பல் எவ்வளவு தூரம் போகிறது என்று அறிய, பல்லின் மேல் மை தடவி உள்ளே விட்டு எடுங்கள். மை அழிந்த நீளம் பழைய தண்டின் தேய்மானத் தடத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தண்டைத் திருப்பிக் கொடுங்கள். சீல் ஓடும் இடம் நகத்தால் வருடினால் தடங்கல் இல்லாமல் வழுக்க வேண்டும். சிறு கீறல் இருந்தாலும் புதுச் சீல் ஒரு மழைக்காலம் தாங்காது.

சீலை உள்ளே அடிக்கும்போது சரியான அளவுக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து நேராக அடியுங்கள். உதட்டில் கிரீஸ் தடவாமல் தண்டை நுழைக்கக் கூடாது. ஸ்ப்ளைன் பற்கள் கூர்மையானவை. தண்டை உள்ளே விடும்போது அதன் முழு எடையும் சீலின் உதட்டில் விழாதபடி கூட்டாளி ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். புதுச் சீலில் எண்ணெய் கசிகிறது என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஓரிடத்தில் நடந்த அவசரம்தான் காரணம்.

ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ். குண்டுகளுக்கு இடையில் விரலால் அழுத்தி நிரப்புங்கள், மேலே பூசினால் போதாது. சக்கரத்தோடு திரும்பும் பகுதி நக்கிள்; அதற்குள் ஆக்சில் குழாயின் முனையில் இருக்கும் நக்கிள் பந்தின் வெளி வளையத்தில் இருக்கும் ஃபெல்ட்டும் ரப்பரும் சேர்ந்த துடைப்புச் சீலையும் மாற்றிவிடுங்கள். பந்தின் மேல்பரப்பில் துருக்குழி இருந்தால் மென்மையான எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அந்தக் குழிகள்தான் வாய்க்கால் தண்ணீருக்கு வாசல். கிங் பின் பேரிங்கின் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பின் நக்கிளை ஸ்பிரிங் தராசில் கொக்கி மாட்டி இழுத்து, கையேட்டில் சொன்ன இழுவிசை வருகிறதா என்று பாருங்கள். தளர்வாக இருந்தால் ஸ்டீயரிங் நடுங்கும். இறுக்கமாக இருந்தால் திருப்பியது திரும்பி வராது. சக்கர பேரிங்குக்கும் இதே தராசுதான்.

இந்த வேலையோடு ஒரு காசும் செலவில்லாத ஒரு மேம்பாடு செய்துவிடுங்கள். நக்கிளின் பின்புறம் ஸ்டீயரிங் எவ்வளவு ஒடியும் என்பதை நிறுத்தும் ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். பெரிய டயர் போட்டவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஓரிரு சுற்று வெளியே திருகி ஒடிப்பைச் சற்றுக் குறையுங்கள். வண்டி திரும்ப இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். அதற்குப் பதிலாக ஜாயின்ட் அதன் மிக மோசமான கோணத்துக்குப் போகவே போகாது. நீங்கள் வரப்பில் ஏறிய அன்று ஸ்டீயரிங் முழுக்க ஒடித்திருந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் போல்ட்டுக்கு அன்றைக்கு வேலை இருந்தது.

அடுத்து மூச்சுக்குழாய். ஆக்சில் கூட்டின் மேல் சின்ன மூடி போட்ட ஓட்டை ஒன்று இருக்கும். சாலையில் ஓடிச் சூடான ஆக்சில், வாய்க்காலின் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் சேற்றில் அடைத்திருந்தால் அந்த வெற்றிடம் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். உங்கள் தண்டில் துருக்குழி வந்த கதை இதுதான் என்று நான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, எஞ்சின் அறைக்குள் உயரமான இடத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். வாய்க்காலில் இறங்குவதற்கு முன் சில நிமிடம் வண்டியை நிறுத்தி ஆக்சிலை ஆறவிடுவதும் நல்லது. வேதாரண்யத்து உப்பளப் பக்கமோ, கடற்கரைச் சேற்றிலோ போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புச் சேறு ஒரு வாரத்தில் செய்யும் வேலையை வண்டல் சேறு ஒரு வருடத்தில் செய்யாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு, விழுந்த தென்னைகளை இழுக்கப் போன ஜீப்புகள் பல, அடுத்த கோடைக்குள் சீலும் பேரிங்கும் போய் என் பட்டறைக்கு வந்தன. ஓட்டியவர்கள் அலுப்பில் கழுவாமல் விட்டதுதான் காரணம். அந்த நாட்களில் கழுவ யாருக்கும் நேரமும் இல்லை, பல ஊர்களில் மோட்டார் ஓட மின்சாரமும் இல்லை.

ஓட்டும் முறை பற்றி ஒன்று மட்டும். சேற்றில் சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரை விடுங்கள். சுழன்றுகொண்டே கெட்டி மண்ணைப் பிடிக்க விடாதீர்கள். இறங்கி மம்பட்டியால் வரப்பின் விளிம்பைச் சரித்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக்கி, ஊர்ந்து ஏறுங்கள். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வாக்கில் இறக்கினால் களிமண்ணில் பிடிமானம் நன்றாகக் கூடும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் நிரப்புங்கள். கொள்ளிடத்துப் படுகை மணலுக்கும் இதே முறைதான். தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டவே கூடாது. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போகும்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே அளவுத் தண்டை வேறு எஃகில் போடுவது உதிரி பாகம் மாற்றுவது போன்றதுதான். பெரிய டயரும் உயர்த்திய ஸ்பிரிங்கும்தான் கேள்விக்கு உள்ளாகும். அதைப் பற்றி உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டியதும் புதிய ஜிஎல் 5 கியர் எண்ணெயைச் சரியான மட்டத்துக்கு ஊற்றுங்கள். வண்டியை ஸ்டாண்டிலேயே வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஒடித்து, எங்காவது உரசுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு பேரிங் நட்டை ஒரு முறை பாருங்கள், எண்ணெயை ஒரு சொட்டு எடுத்து நிறம் பாருங்கள். உடையாத இடப்பக்கப் பழைய தண்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருக்குழியும் விரிசலும் இல்லையென்றால் கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூபில் நுழைத்து இரு முனையும் கட்டி, பின் இருக்கையின் அடியில் வையுங்கள். கூடவே ஒரு சர்க்ளிப்பும் ஒரு ஆயில் சீலும்.